ரீயூனியன் மேடுகளில் மேக்ஸி ஸ்கூட்டர்: கிளட்ச் எத்தனை காலம் உழைக்கும், எப்போது மாற்றுவது?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குப் புதிதாக வருபவர்கள் வெகு சீக்கிரத்தில் இருசக்கர வண்டி தேடத் தொடங்கிவிடுகிறார்கள். பொழுது சாய்ந்த பிறகு பஸ் அரிது. காரில் போனால் தலைநகர் சேன் தெனிக்குள் நுழைவதற்குள் பாதிக் காலை போய்விடும். 125 சிசி வண்டிக்குத் தனி உரிமம் வேண்டாம். கார் உரிமம் எடுத்து இரண்டு ஆண்டு ஆனவர்கள் ஏழு மணி நேரப் பயிற்சி முடித்தால் போதும். இன்னும் பெரிதாக வேண்டும் என்பவர்கள் தகுந்த உரிமம் எடுத்துக்கொண்டு எக்ஸ்மேக்ஸ், ஃபோர்சா, பர்க்மேன், டீமேக்ஸ் போன்ற பெரிய ஸ்கூட்டர்களுக்கு, அதாவது மேக்ஸி ஸ்கூட்டர்களுக்குப் போகிறார்கள். புது வண்டி விலைக்குக் கை நீளாதவர்கள் பழைய வண்டி பார்க்கிறார்கள். பார்க்கும்போது எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று: "இந்தக் கிளட்ச் இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகும்?"

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். உராய்ந்து பிடிக்கும் ஷூ எனும் கட்டைகள் வைத்த உலர் கிளட்ச், நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் 30,000 முதல் 50,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். நெரிசலிலும் மேட்டிலுமே காலம் தள்ளும் வண்டியில் 20,000-த்திலேயே தேய்ந்துவிடுவது உண்டு. நெடுஞ்சாலையில் மட்டும் ஓடிய வண்டியில் 70,000 தாண்டியும் ஷூவின் மேல் உள்ள உராய்வுப் படலமான லைனிங் மிச்சமிருக்கும். டீமேக்ஸில் உள்ளதைப் போன்ற எண்ணெயில் நனைந்த பல தட்டுக் கிளட்ச் பொதுவாக இதைவிடக் கூடுதல் காலம் வரும்.

இத்தனை அகலமான இடைவெளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பீர்கள். செருப்பு எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்டால் எந்தச் சாலையில் நடக்கிறாய் என்றுதானே திருப்பிக் கேட்போம், இதுவும் அப்படித்தான். கிளட்சின் வயதை ஓடோமீட்டர் சொல்லாது. நின்ற நிலையிலிருந்து எத்தனை முறை கிளம்பினீர்கள், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் அதை நழுவவிட்டீர்கள் என்பதுதான் சொல்லும். இந்தத் தீவில் ஒரே தெருவில் குடியிருக்கும் இரண்டு பேரின் கணக்கு இதில் ஒத்துப்போகாது.

உங்கள் வண்டியில் இருப்பது எந்தக் கிளட்ச்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மேற்கொண்டு படிப்பதில் பயனில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டர் எல்லாம் ஒன்றே என்று நினைப்பவர்கள் பலர். அப்படி இல்லை.

எக்ஸ்மேக்ஸ், ஃபோர்சா 350, பர்க்மேன் 400, மற்றும் 125 சிசி வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது உலர் கிளட்ச். பின்சக்கரத்தின் இடப்பக்கம் நீளமான கவர் ஒன்று இருக்கும். அதற்குள் முன்னால் வேகத்துக்கேற்பக் கியர் விகிதத்தை மாற்றும் வேரியேட்டர், நடுவே பெல்ட், பின்னால் கிளட்ச். ஒரு தட்டின் மேல் மூன்று ஷூக்கள், அவற்றைச் சிறு ஸ்பிரிங்குகள் உள்நோக்கிப் பிடித்திருக்கும். அதன் மேல் கிண்ணம்போல் கவிழ்ந்திருப்பது கிளட்ச் பெல். சிலர் அதையே டிரம் என்பார்கள்.

டீமேக்ஸ் வேறு ரகம். 2001-இல் 499 சிசியாக வந்து, 2012-இல் 530 ஆகி, பின்னர் 560 ஆன அந்த வண்டியில் பெல்ட் உலர்ந்த அறையில் ஓடினாலும் கிளட்ச் மட்டும் இன்ஜின் எண்ணெயில் நனைந்து இயங்கும் பல தட்டுக் கிளட்ச். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

எக்ஸ்-ஏடிவி, இன்டெக்ரா, ஃபோர்சா 750 ஆகியவற்றில் இருப்பது இரட்டைக் கிளட்ச் கொண்ட உண்மையான கியர் பெட்டி. அங்கே வேரியேட்டரும் இல்லை, பெல்ட்டும் இல்லை. இந்தக் கட்டுரை அவற்றுக்குப் பொருந்தாது. ஃபோர்சா என்ற ஒரே பெயரில் 350-க்கு ஒரு முறை, 750-க்கு வேறு முறை என்று இருப்பதால் பழைய வண்டி வாங்கும்போது பலர் குழம்புகிறார்கள். பெயரைப் பார்க்காதீர்கள், பதிவுச் சீட்டில் சிசி என்ன என்று பாருங்கள்.

அது தேய்வது எந்த நேரத்தில்?

இன்ஜின் சும்மா ஓடும்போது ஷூக்கள் பெல்லைத் தொடாது. ஆக்சிலரேட்டரைத் திருப்பினால் சுழற்சி கூடும், ஷூக்கள் வெளியே விரியும், பெல்லின் உட்சுவரில் உரசும், பிடிக்கும், வண்டி நகரும். ஏறத்தாழ 20, 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது பிடி முழுமையாகிவிடும். அதன் பிறகு ஷூவும் பெல்லும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகச் சுழல்கின்றன. உரசலே இல்லை, ஆகவே தேய்மானமும் இல்லை. தேய்வது எல்லாம் நின்ற நிலைக்கும் அந்த வேகத்துக்கும் நடுவிலுள்ள சில நொடிகளில்தான்.

இதைப் புரிந்துகொண்டால் தீவின் வரைபடமே வேறாகத் தெரியும். சேன் போலிலிருந்து தெற்கே போகும் தமரேன் சாலை நிற்காமல் ஓடும் நெடுஞ்சாலை, கிளட்சுக்கு முழு ஓய்வு. 2022-இல் திறந்த புதிய கரையோரச் சாலையின் 5.4 கிலோமீட்டர் கடல் பாலமும் அப்படியே. அதைவிட்டு இறங்கி நகருக்குள் நுழைந்ததும் வேலை ஆரம்பம். பெல்பியேர் மருத்துவமனைக்கு ஏறும் சாலையில் காலை எட்டு மணிக்குப் பத்து மீட்டருக்கு ஒருமுறை நின்று கிளம்புகிற செவிலியரின் 125 வண்டி, ஒரு வாரத்தில் படும் பாடு, தமரேன் சாலையில் ஓடும் வண்டி மாதக் கணக்கில் படாத பாடு.

மலைச் சாலைகளில் இன்னொரு சங்கதி இருக்கிறது. சேன் லூயியிலிருந்து சிலாவோஸ் ஏறும் வழியில் 400-க்கும் மேற்பட்ட வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரம் வரை ஏறுகிறோம். கொண்டையூசி வளைவில் எதிரே பஸ் வந்தால் நின்று வழிவிட வேண்டும். பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்க, செங்குத்தான சரிவில், திருப்பிய கைப்பிடியோடு மெல்ல ஊர்ந்து கிளம்புவது கிளட்சுக்கு நேரக்கூடிய மிக மோசமான வேலை. சிசி குறைந்த வண்டிக்கு இது இன்னும் கடினம். ஏனென்றால் பிடி முழுமையாகும் வேகத்தை அது எட்டவே நேரமாகும்.

கரும்பு வெட்டும் பருவத்தை மறக்கக் கூடாது. ஜூலை முதல் டிசம்பர் வரை காஷலோ என்று இங்கே அழைக்கும் ராட்சதக் கரும்பு லாரிகள் புவா ரூஜ் ஆலைக்கும் லெ கோல் ஆலைக்கும் போய்க்கொண்டே இருக்கும். மேட்டில் அவை மணிக்கு 15, 20 கிலோமீட்டரில் நகரும். அந்த வேகம் கிளட்ச் பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும் வேகம். பின்னாலேயே ஒட்டிப் போகாதீர்கள். இடைவெளி விட்டு நின்று, அது முன்னேறியதும் ஒரே மூச்சில் கிளம்பி, மறுபடி இடைவெளி விடுங்கள். தைப்பூசக் காவடி நாளில் சேன் ஆந்த்ரேயில் ரதத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வருபவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். புண்ணியம் கிடைக்கலாம், கிளட்சுக்குக் கிடைப்பது சூடுதான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போவது இரண்டுக்கும் நல்லது.

ஓட்டும் முறையில் மாற்ற வேண்டியவை

மேட்டில் நிற்கும்போது பிரேக்கைப் பிடியுங்கள், கைப்பிடியை முழுவதும் விட்டுவிடுங்கள். ஆக்சிலரேட்டரை லேசாகத் திருப்பி வண்டியைப் பின்வாங்காமல் நிறுத்திவைக்கும் பழக்கம் புதியவர்களிடம் சர்வ சாதாரணம். பார்க்கச் சாமர்த்தியம்போல் இருக்கும். உள்ளே ஷூ எரிந்துகொண்டிருக்கும்.

கிளம்பும்போது தயங்காமல் திருப்புங்கள். முரட்டுத்தனமாக அல்ல, உறுதியாக. மெதுவாகக் கிளம்பினால் கிளட்சுக்கு நல்லது என்று கியர் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் நினைப்பார்கள். இங்கே கதை தலைகீழ். பாதித் திருப்பலில் நீண்ட நேரம் நழுவவிடுவதுதான் கெடுதல்.

இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இது தேய்மானத்தைவிட உயிர் சம்பந்தப்பட்டது. கைப்பிடியை முழுவதும் விட்டு இறங்கும்போது வேகம் 15, 20-க்குக் கீழே வந்தால் கிளட்ச் விட்டுவிடும். அதுவரை இன்ஜின் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த வண்டி, சட்டென்று கட்டவிழ்ந்ததுபோல் முன்னே ஓடும். சிலாவோஸ் இறக்கத்தின் இறுக்கமான வளைவுகளில் இது சரியாக வளைவின் நடுவே நடக்கும். பயப்பட வேண்டாம். பின்பிரேக்கில் விரலை வைத்துக்கொண்டு, கைப்பிடியை ஒரு துளி திருப்பினால் கிளட்ச் மறுபடி பிடித்துக்கொள்ளும், இன்ஜின் பிரேக் திரும்பிவிடும். முதல்முறை மலை இறங்குவதற்கு முன் ஒரு சிறிய சரிவில் இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

தேய்ந்துவிட்டதை எப்படி அறிவது?

சமதளமான, ஆளில்லாத சாலையில், வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு பாருங்கள். நின்ற நிலையிலிருந்து உறுதியாகக் கைப்பிடியைத் திருப்புங்கள். சுழற்சி முள் சட்டென்று ஏறி நிற்க, வேகம் மட்டும் சோம்பலாக ஏறினால், ஆனால் 30 தாண்டியதும் எல்லாம் சரியாகிவிட்டால், கிளட்ச் நழுவுகிறது. கிளம்பும்போது எந்தக் குறையும் இல்லாமல், 60, 70-இல் மேடு ஏறும்போது சுழற்சி மட்டும் திடீரென்று எகிறுகிறதா? அப்படியானால் கிளட்சைச் சந்தேகிக்காதீர்கள், பெல்ட்டையும் புல்லியையும் பாருங்கள். உச்ச வேகம் குறைந்திருக்கிறது, சுழற்சி ஒரே சீராக இல்லாமல் தடுமாறுகிறது என்றால் வேரியேட்டர் ரோலர்கள் தட்டையாகியிருக்கலாம், அல்லது பெல்ட் அகலம் குறைந்திருக்கலாம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் கிளட்சுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதே நோயோடு வீடு திரும்புகிறவர்கள் நிறைய.

கிளம்பும்போது வண்டி உதறுவது இன்னொரு அறிகுறி. ஆனால் எல்லா உதறலும் கெட்டதல்ல. கடற்கரையோரம் வெட்டவெளியில் நிறுத்திய வண்டியில், உப்புக் காற்றினால் பெல்லின் உட்சுவரில் மெல்லிய துரு படியும். காலையில் முதல் இரண்டு மூன்று கிளம்பல்களில் உதறி, அப்புறம் அடங்கிவிட்டால் அது இந்தத் துருதான். விட்டுவிடுங்கள். சூடேறச் சூடேற உதறல் கூடினால்தான் விஷயம் இருக்கிறது. லைனிங் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்துவிட்டிருக்கலாம், பெல் கோணியிருக்கலாம், ஒரு ஷூ அச்சில் இறுகி அசையாமல் இருக்கலாம்.

மேட்டில் ஏறி நின்றதும் கருகிய வாடை வந்தால் அது எச்சரிக்கை. ஒருமுறை வந்தால் ஓட்டும் முறையைத் திருத்துங்கள். சமதளத்திலும் வந்தால் கவரைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது.

சிக்னலில் கைப்பிடியை விட்ட பிறகும் வண்டி தானாக முன்னே ஊர்ந்தால், ஷூவைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் அல்லது அறுந்திருக்கலாம். ஐட்லிங் சுழற்சி அளவுக்கு மீறி வைக்கப்பட்டிருந்தாலும் இதே குறைதான் தெரியும். முதலில் அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். காசு செலவில்லாத வேலை அது. ஆனால் ஊர்கிற வண்டியை அலட்சியமாக விடாதீர்கள். பாதசாரிக் கோட்டின் முன் அது ஆபத்து.

கவரைத் திறந்து பார்ப்பது

உலர் கிளட்ச் வைத்த வண்டிகளில் பெல்ட் மாற்றும் கெடு பல மாடல்களுக்கு 20,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. எப்படியும் அன்றைக்குக் கவர் திறக்கப்படுகிறது. கிளட்சைப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. என்னைக் கேட்டால், கிளட்சுக்கென்று தனியாக ஒரு கிலோமீட்டர் கெடு வைத்துக்கொள்ளவே தேவையில்லை. ஒவ்வொரு பெல்ட் மாற்றத்தின்போதும் அளந்து பாருங்கள். நெரிசலும் மேடுமே உங்கள் தினசரி என்றால் இரண்டு பெல்ட்டுக்கு நடுவே ஒருமுறை கூடுதலாகத் திறக்கச் சொல்லுங்கள்.

கைவேலை தெரிந்தவர்கள் இதை வீட்டிலேயே செய்யலாம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், வண்டி நடு ஸ்டாண்டில் நிற்க வேண்டும். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கவருக்குள் இருக்கும் கறுப்புப் புழுதி லைனிங்கும் பெல்ட்டும் தேய்ந்த பொடி. அதைக் காற்றடித்து ஊதாதீர்கள், பிரேக் கிளீனர் தெளித்துத் துணியால் துடையுங்கள். கவரின் போல்ட்டுகள் ஒரே நீளமாக இருக்காது. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தைக் கிறுக்கி, எந்த போல்ட் எந்தத் துளையிலிருந்து வந்ததோ அங்கேயே குத்திவையுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டையான துளையில் முறுக்கி அலுமினியத்தை வெடிக்கவைத்த வண்டிகள் இந்தத் தீவில் கொஞ்சமல்ல.

பெல்லைப் பிடிக்கும் கருவியால் பிடித்துக்கொண்டு நடு நட்டைக் கழற்றினால் பெல் கையோடு வந்துவிடும். இங்கே நிறுத்துங்கள். உள்ளே தெரியும் ஷூக்களைத் தாங்கும் தட்டின் நடுவிலும் ஒரு பெரிய நட் இருக்கும். அதற்குப் பின்னால் பெரிய ஸ்பிரிங் ஒன்று அழுத்தப்பட்ட நிலையில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் அந்த நட்டைக் கழற்றினால் தட்டு முகத்துக்கு நேராகப் பாயும். தேய்மானத்தைப் பார்ப்பதற்கு அதைத் தொடவே வேண்டியதில்லை.

பெல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உட்சுவர் ஒரே சீரான மங்கிய சாம்பல் நிறமாக இருந்தால் நல்லது. நீலம் பாரித்த திட்டுகள் இருந்தால் அது அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. நகத்தை விளிம்பிலிருந்து உள்நோக்கி இழுத்துப் பாருங்கள். ஷூ உரசிய பட்டையின் ஓரத்தில் நகம் தடுக்கினால் பெல் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. மெல்லிய மயிரிழை விரிசல் எங்காவது தெரிந்தால் அதை மேற்கொண்டு பயன்படுத்தவே கூடாது. உள்விட்டத்தை வெர்னியரால் மூன்று திசைகளில் அளந்து கையேட்டின் வரம்போடு ஒப்பிடுங்கள். புதிய அளவுக்கும் வரம்புக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாக மில்லிமீட்டரில் பாதியளவுதான், ஆகவே கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது.

அடுத்தது ஷூக்கள். மூன்றையும் தனித்தனியே, ஒவ்வொன்றிலும் மிக மெல்லிய இடத்தில் அளக்க வேண்டும். மூன்றும் ஏறத்தாழ ஒரே கனத்தில் தேய்ந்திருந்தால் கிளட்ச் ஒழுங்காக வேலை செய்து மூப்படைந்திருக்கிறது. ஒன்று மட்டும் மெலிந்து மற்ற இரண்டும் புதிதுபோல் இருந்தால், அந்த இரண்டும் அச்சில் இறுகி விரியாமலேயே இருந்திருக்கின்றன. ஒரே ஷூ மொத்தச் சுமையையும் தாங்கியிருக்கிறது. ஷூக்களை விரலால் வெளியே தள்ளிப் பாருங்கள். மூன்றும் ஒரே எதிர்ப்போடு அசைந்து, விட்டதும் சட்டென்று உள்ளே திரும்ப வேண்டும். லைனிங்கில் எண்ணெய்க் கறை இருந்தால் வேறு தலைவலி: பின்னால் உள்ள கியர் பெட்டியின் ஆயில் சீல் கசிகிறது. சீலை மாற்றாமல் ஷூ மட்டும் மாற்றினால் பணத்தைத் தண்ணீரில் போட்ட கதைதான்.

என்ன மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

கனம் வரம்புக்கு மேலே நன்றாக இருக்கிறது, மேற்பரப்பு மட்டும் பளபளக்கிறது என்றால் மாற்ற வேண்டாம். 120 எண் உப்புத்தாளால் லைனிங்கையும் பெல்லின் உட்சுவரையும் லேசாகச் சொரசொரப்பாக்கி, பிரேக் கிளீனரால் துடைத்து, அச்சுகளில் சூடு தாங்கும் கிரீஸ் ஒரு பொட்டு வைத்து மூடிவிடலாம். உதறல் பெரும்பாலும் இதிலேயே போய்விடும். எல்லாக் கடைகளும் இதை முன்வந்து சொல்வதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கனம் வரம்பை நெருங்கியிருக்கிறது, அடுத்த பெல்ட் மாற்றம் வரை வராது என்று தோன்றினால் இப்போதே மாற்றிவிடுங்கள். கவரைத் திறக்கும் கூலி இரண்டு முறை ஆகாது. மூன்று ஷூக்களையும் ஸ்பிரிங்குகளையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் புதிது போடுவது வீண். பெல்லில் பள்ளமோ நீலமோ இருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பெல்லில் புது ஷூ போட்டால் முழுப் பரப்பும் படியாமல் சில மாதங்களிலேயே உதறல் திரும்பி வரும்.

கடினமான ஸ்பிரிங் வைத்த பந்தயக் கிளட்சுகளை இங்கே இளைஞர்கள் விரும்பிப் போடுகிறார்கள். மலோசி, போலினி என்று பெயர்கள் கேள்விப்படுவீர்கள். தரத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கடினமான ஸ்பிரிங் என்றால் கிளட்ச் அதிகச் சுழற்சியில்தான் பிடிக்கத் தொடங்கும். நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்கு அது கூடுதல் சத்தம், கூடுதல் சூடு. வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு அசல் அளவே போதும்.

டீமேக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

இங்கே கவரைத் திறந்து ஷூ பார்க்கும் வேலை கிடையாது. தட்டுகள் எண்ணெயில் இருப்பதால் அவற்றின் நலம் எண்ணெயைப் பொறுத்தது. டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற, நனைந்த கிளட்சுக்கு ஏற்ற எண்ணெயின் தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். உலர் கிளட்ச் ஸ்கூட்டர்களுக்கென்று விற்கும் ஜாசோ எம்பி வகை எண்ணெய் உராய்வைக் குறைப்பதற்காகவே செய்யப்பட்டது. அதை ஊற்றினால் நல்ல தட்டுகளும் வழுக்கும். "ஸ்கூட்டர் எண்ணெய்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டு வாங்குவதால் நேரும் கோளாறு இது. கிளட்ச் போய்விட்டது என்று யாராவது சொன்னால், முதலில் எந்த எண்ணெய் உள்ளே இருக்கிறது என்று கேளுங்கள். சரியான எண்ணெய்க்கு மாறி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகும் நழுவினால்தான் தட்டுகளின் கனத்தை அளக்கும் பேச்சு. அந்த வேலைக்கு நேரமும் கூலியும் அதிகம். டீமேக்ஸ் பழகிய கையிடம் கொடுங்கள்.

கடையில் பேசுவது, உதிரிபாகம் வாங்குவது

கவுண்டரில் பிரெஞ்சுச் சொற்கள்தான் ஓடும். கிளட்ச் அம்ப்ரேயாஜ், பெல்ட் கூர்ருவா, ரோலர்கள் கலே, பெல் குளோஷ். எழுத்தில் விலை மதிப்பீடு வேண்டுமென்றால் தெவி கேளுங்கள். கேட்டு வாங்காமல் வண்டியைக் கையில் கொடுக்காதீர்கள். "பழைய பாகங்களை எனக்குத் திருப்பிக் கொடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாற்றியதாகச் சொல்லும் ஷூவை நீங்களே அளந்து பார்க்கலாம், அந்தக் கடையை அடுத்த முறையும் நம்பலாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

உதிரிபாகங்கள் பெரும்பாலும் பிரான்சிலிருந்து கடல் வழியாக வருகின்றன. வந்து இறங்கும் பொருளுக்கு ஒக்த்ருவா தெ மேர் என்ற கடல் வரியும் உண்டு. அங்குள்ள இணையக் கடையில் விலை குறைவாகத் தெரிந்தாலும், போக்குவரத்தும் வரியும் சேர்த்துப் பார்த்துவிட்டு இங்குள்ள கடை விலையோடு ஒப்பிடுங்கள். சூறாவளிக் காலத்தில் துறைமுகம் மூடினால் எல்லாம் தள்ளிப்போகும். லைனிங் வரம்பை நெருங்குகிறது என்று அக்டோபரில் தெரிந்தால் ஜனவரி வரை காத்திருக்காமல் அப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். ஷூ கெட்டுப்போகும் பொருளல்ல.

பழைய வண்டி வாங்குபவர், இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். சோதனை ஓட்டத்தில் சமதளத்தில் ஒருமுறை, மேட்டில் ஒருமுறை நின்று கிளம்புங்கள். பெல்ட் எந்தக் கிலோமீட்டரில் மாற்றினார்கள் என்பதற்குப் பில் இருக்கிறதா என்று பாருங்கள். கிளட்ச், பெல்ட் போன்றவை தேயும் பாகங்கள் என்பதால் உத்தரவாதத்தில் பெரும்பாலும் அடங்காது. விலை பேசும்போதே அந்தச் செலவைக் கழித்துப் பேசுவதுதான் வழி. 25,000 ஓடிய வண்டி என்றால் விற்பவர் எங்கே குடியிருக்கிறார், எங்கே வேலைக்குப் போகிறார் என்று பேச்சுவாக்கில் விசாரியுங்கள். தாம்போன் மேட்டிலிருந்து சேன் பியேர் நகருக்குள் தினமும் போய்வந்த 25,000-மும், தமரேன் சாலையில் ஓடிய 25,000-மும் ஒரே விலைக்குரியவை அல்ல.

புதிது போட்ட பிறகு

நட்டை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டின் அளவுக்கு முறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் கழற்றலாம், முறுக்கக் கூடாது. முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்குச் சிலாவோஸ், மாய்தோ போன்ற மலைப் பக்கம் போகாதீர்கள், பின்னால் ஆள் ஏற்றாதீர்கள். சமதளத்தில் உறுதியாகக் கிளம்பி, நன்றாக ஓடி, நின்று, ஆறவிட்டு மறுபடி கிளம்புங்கள். புது லைனிங் பெல்லின் வளைவுக்குத் தக்கபடி படிய இந்த ஓட்டம் தேவை. ஆரம்பத்தில் லேசான வாடையும் சிறு உதறலும் இயல்பு. இரண்டாவது வாரமும் அதே வாடை வந்தால் திரும்பக் கொண்டுபோய்க் கவரைத் திறக்கச் சொல்லுங்கள். பொருத்தும்போது பெல்லின் உட்சுவரில் பட்ட கிரீஸ் விரல் தடம் துடைக்கப்படாமல் இருக்கிறதா என்று முதலில் அதைப் பாருங்கள்.